ஈர மணலுக்கு ஒரு மெஷின்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி,

நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அத்தைக்குச் சளி குறைந்ததா?

கடை முகவரிக்கு எழுதியதைப் பார்த்துப் பதறாதே. போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். இது அவர்கள் கேட்க வேண்டிய விஷயம் இல்லை.

உங்கள் கடையில் மெட்டல் டிடெக்டர் பழுது பார்க்கிறீர்கள்தானே. கடற்கரைக்கு எது வாங்கலாம்? காய்ந்த மணலுக்கு இல்லை. அலை வந்து போகிற ஈர மணல், முழங்கால் அளவுத் தண்ணீர். இங்கே ஒரு கடையில் கேட்டேன். விற்கிற பையன் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டி, "இது எல்லாத்தையும் பிடிக்கும் மேடம்" என்றான். எல்லாத்தையும் என்று சொல்கிறவனிடம் எதையும் வாங்கக் கூடாது என்பார் உன் அண்ணன்.

அவர் கடலில் குளிக்கப் போனது அக்டோபரில். தேடும் படகுகளை நவம்பரில் நிறுத்தினார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் வேறு யார் வீட்டிலோ நடந்தது போல இருக்கிறது.

அவர் மோதிரம் கரை ஒதுங்கியிருக்கலாம். அதற்குத்தான்.

அத்தையிடம் நான் நலம் கேட்டதாகச் சொல்லாதே, கடிதம் வந்தது தெரிந்துவிடும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். அம்மாவின் சளி போய்விட்டது. என்னைத் திட்டும் குரல் பழையபடி திரும்பி வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை.

முதலாளி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "என்னப்பா, இந்தக் காலத்துல லெட்டரா? யாரு அந்தப் பொண்ணு?" என்றார். எங்க அண்ணி என்றேன். அவர் பேனாவைத் தேடுவது போல அந்தப் பக்கம் போய்விட்டார்.

மெஷின் விஷயம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மெஷினுக்கு ஈர மணலே ஒரு பெரிய உலோகத் துண்டு மாதிரி தெரியும். ஒற்றை அலைவரிசையில் ஓடும் சாதாரண மெஷின் அங்கே போனதும் உளற ஆரம்பிக்கும். பூங்காவில் காசு பொறுக்க அது போதும், கடலுக்கு ஆகாது. அடுத்தது, பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்புவது. உப்பின் சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும். அடியில் இருப்பது என்ன மாதிரி உலோகம் என்று ஒரு எண்ணும் காட்டும். மூன்றாவது, பல்ஸ் மெஷின். உப்பைக் கண்டுகொள்ளாது, ஆழமாகவும் போகும். ஆனால் அதற்கு ஆணியும் ஒன்றுதான், தங்கமும் ஒன்றுதான். கத்தினால் தோண்டித்தான் ஆக வேண்டும். முதுகு போய்விடும்.

மோதிரம் தங்கம்தானே. அப்படியானால் இரண்டாவது வகை போதும்.

அம்மா நேற்று பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "வேற எங்கயாவது கரையேறியிருப்பான். ஞாபகம் தப்பியிருக்கும். அவனை விட நீந்தத் தெரிஞ்சவன் யாரு இருக்கா?" அந்தம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

காலையில் கடல் காற்றில் தலையை மூடாமல் போகாதீர்கள்.

தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பி,

சோறும் முட்டையும். கேட்டாயே. நீங்கள் இருவரும் சுகம் என்பதில் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அங்கே ஒரு பெண் மெஷினோடு நடக்கிறாள். பக்கத்து விடுதியில் துணி துவைப்பவள். மணலில் கிடைத்த கம்மல்களைக் காதில் போட்டிருக்கிறாள், இடது காதில் ஒரு தினுசு, வலது காதில் வேறு தினுசு. அவள் பெயரே ஒற்றைக்கம்மல் ஆகிவிட்டது.

"ஜோடி கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"ஜோடியா தொலைச்சாத்தானே ஜோடியா கிடைக்கும். நீ என்ன தொலைச்ச?"

"மோதிரம்."

"புருஷன் போட்டதா, புருஷனோடதா?"

"அவரோடது."

கடலைப் பார்த்தாள். பிறகு மணலைக் காட்டிச் சொன்னாள்: "கனமான சாமான் மேல கிடக்காது. அலை மண்ணை அரிச்சுப் பள்ளம் பண்ணும் பாரு, அங்கதான் போய்த் தங்கும். ஒரு தடவை பல் செட்டு எடுத்தேன். மண்ணுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்கிறேன். இது தெளிவா, அது தெளிவா? நேற்று ஒரு பெரியவர், "ரெண்டும் ஒண்ணாத்தான்மா இருக்கு" என்றார். அவரோடு சேர்ந்து நானும் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சந்தேகம். இந்த மெஷின் டைட்டானியத்தைப் பிடிக்குமா? பிடித்தால் என்ன எண் காட்டும்? தெரிந்துகொள்ளத்தான்.

உன் கண் வலி எப்படி இருக்கிறது? ஈயம் பற்றவைக்கும் புகை படாமல் வேலை செய்.

அண்ணி

*

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு வேலைதான் காரணம். ஒரு பெரிய கடையின் வாசல் சோதனைக் கதவு, யார் நுழைந்தாலும் கத்துகிறது என்று கழற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். கண் பரவாயில்லை. அம்மாவும் பரவாயில்லை. நீங்கள்?

டைட்டானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அண்ணனுக்கு வண்டி விபத்தில் தொடை எலும்பு உடைந்து டைட்டானியத் தகடு வைத்தபோது நீங்களும் அம்மாவும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருந்தது ஞாபகம் வந்தது. எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

நீங்கள் அலைய வேண்டாம். நானே தேர்ந்தெடுத்துவிட்டேன். பல அலைவரிசை மெஷின், தண்ணீருக்குள் முழுக்கினாலும் ஒன்றும் ஆகாது. ஹெட்போனும், சல்லடை மாதிரி ஓட்டை போட்ட கரண்டியும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். செட்டிங் எல்லாம் இங்கேயே போட்டுவிட்டேன். கீழ் எண்களை மூடி வைத்திருக்கிறேன். சிகரெட் பெட்டித் தாள், டப்பாத் துண்டு எல்லாம் அங்கேதான் விழும். திறந்து வைத்தால் உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நல்ல மோதிரம் என்றால் அதற்கு மேலே காட்டும்.

எதையும் மாற்ற வேண்டாம். மாற்றினால் உப்புக் கணக்கு தப்பிவிடும்.

வெயிலில் அதிகம் நிற்காதீர்கள். உடம்பு முக்கியம்.

தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பி,

மெஷின் உடையாமல் வந்தது. நானும் உடையாமல் இருக்கிறேன். இதை நகைச்சுவையாக எழுத நினைத்தேன். வரவில்லை. அத்தைக்கும் உனக்கும் உடம்பு நலமாக இருக்கட்டும்.

இப்போது தினமும் வேலைக்கு முன் போகிறேன். நீர் உள்வாங்கியிருக்கும் நாட்களில் அதிக தூரம் நடக்கலாம். மெஷினின் அடித்தட்டைத் தரையோடு ஒட்டி, இடமும் வலமுமாக, தரை துடைப்பது போல. இதுவரை சில நாணயங்கள், ஒரு பூட்டுச் சாவி, ஒரு கரண்டி. கரண்டியைக் கழுவி வீட்டில் பயன்படுத்துகிறேன்.

ஒற்றைக்கம்மல் அவள் மெஷினைத் திட்டிக்கொண்டே நடப்பாள். அது ஓயாமல் கத்தும். என்னுடையதைப் பார்த்து, "உன்னுது நல்ல வளர்ப்பு. பெரியவங்க பேசும்போது வாயே திறக்கிறதில்ல" என்றாள்.

உண்மைதான். ரொம்ப அமைதியான மெஷின். ஹெட்போனுக்குள் என் மூச்சு மட்டும் கேட்கிறது. அமைதியாக இருப்பதால் தினமும் போக முடிகிறது.

அத்தை போன் செய்தார்கள். அவர் சட்டைகளை வெயிலில் போட்டேனா, பூச்சி அரிக்கப் போகிறது என்றார்கள். போட்டேன் என்றேன். பின்னால் உன் குரல் கேட்டது. "அம்மா, போதும், வைம்மா."

வேளைக்குத் தூங்கு.

அண்ணி

*

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் சௌக்கியம். நீங்கள் நாணயம், சாவி என்று எழுதியதைப் படித்தபோது மனசு லேசானது. மெஷின் சரியாக வேலை செய்கிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு கதை கேளுங்கள். போன வாரம் அம்மா அண்ணனுக்குப் புதுச் செருப்பு வாங்க என்னைக் கூட்டிப் போனார். கடைக்காரர், "போட்டுப் பாத்துத்தான் எடுக்கணும், மாத்தித் தர மாட்டோம்" என்றார். அம்மா என்னை உட்காரவைத்து என் காலில் மாட்டினார். நடக்கச் சொன்னார். நடந்தேன், கழன்று கழன்று விழுந்தது. "தம்பிக்குப் பெருசும்மா" என்றார் கடைக்காரர். "அதான் வேணும். இதையே கட்டிக் குடுங்க" என்றார் அம்மா.

கடைக்காரர் கட்டிக் கொடுத்தார்.

நான் யோசித்தது ஒன்று. நீங்கள் இங்கே வந்துவிடலாமே. எங்கள் தெருமுனையிலேயே கண்ணாடிக் கடை இருக்கிறது, ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் இருக்க முடியும்? இங்கே நாலு பக்கமும் தரைதான்.

யோசித்துச் சொல்லுங்கள். சத்தான ஆகாரம் சாப்பிடுங்கள்.

தம்பி

*

ஜூன் 8

தம்பி,

நலம்.

அவர் தொடையில் உறுத்துகிறது என்று பிற்பாடு தகட்டின் ஒரே ஒரு திருகாணியை மட்டும் கழற்றினார்கள். சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அலமாரியில் இருந்தது. இன்று காலை அதைக் கரைக்குக் கொண்டு போனேன். ஈர மணலில் விரல் ஆழத்தில் புதைத்தேன். அதன் மேல் மெஷினை ஆட்டினேன். சத்தம் இல்லை. எடுத்து மணலின் மேலேயே வைத்து ஆட்டினேன். சத்தம் இல்லை.

ஒற்றைக்கம்மலைக் கூப்பிட்டேன். அவள் மெஷினைக் கொண்டுவந்து காட்டினாள். கத்தியது. "உன் மெஷினுக்குக் காது மந்தமா?" என்று சொல்லி என்னுடையதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இல்லடி. யாரோ வாயைக் கட்டிவிட்டிருக்காங்க."

மோதிரத்தை வண்டி விபத்தன்றே ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், விரல் வீங்கியிருந்தது என்று. அந்த இரண்டு துண்டும் அத்தையின் பெட்டியில் இருக்கின்றன. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனாலும் மோதிரம் தங்கம்தானே என்று கேட்டாய். நான் தேடுவது மோதிரத்தை இல்லை, அந்தத் தகட்டை என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நான் கோபமாக இல்லை. கோபம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கடைக்கு நேரமாகிவிட்டது.

அண்ணி

*

ஜூலை 15

தம்பி,

பதில் இல்லை. நான் நலம். நீயும் அத்தையும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அண்ணி

*

ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

நலமாகத்தான் இருக்கிறோம். எழுதி எழுதிக் கிழித்தேன் என்று சொன்னால் நாடகம் போல இருக்கும். எழுதவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் எதையாவது எடுத்துவிட்டால், அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியவன் நான். நீங்கள் அங்கே. இந்த வீட்டில், இந்தச் சமையலறையில், அந்த முகத்துக்கு நேரே நிற்க வேண்டியது நான். "நான் இளைச்சுப் போனா, அவன் வந்து உன்னைத்தான்டா கேப்பான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறார். அந்த இரண்டு வாயை நிறுத்த என்னால் முடியாது. அதனால் மெஷினின் வாயை நிறுத்தினேன்.

இப்போது செய்ய வேண்டியது: மெனுவில் இரண்டாவது பக்கத்துக்குப் போங்கள். அடியில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றாக அழுத்தினால் வெள்ளையாகும். வெள்ளை என்றால் கத்தும். எல்லாவற்றையும் வெள்ளையாக்குங்கள். உணர்திறனை ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் அலை வரும்போதெல்லாம் சத்தம் போடும். டைட்டானியம் கீழ் எண்களில்தான் வரும். தாளும் அங்கேதான் வரும். வித்தியாசம் மெஷினுக்குத் தெரியாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கடல் வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுக்காது. வாய்ப்பு அநேகமாக இல்லை. முன்னால் பொய் சொன்னவன் என்பதால் இதையும் பொய் என்று நினைக்காதீர்கள்.

சாப்பிட்டீர்களா என்று கேட்கும் உரிமை இருந்தால் கேட்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 27

அன்புள்ள தம்பி,

சாப்பிட்டேன். நீ கேட்கலாம். அத்தைக்கு உடம்பு எப்படி?

கட்டங்களை வெள்ளையாக்கினேன். இப்போது ஓயாமல் கத்துகிறது. மாத்திரை அட்டை, குடைக் கம்பி, டப்பாவின் வளையம். எல்லாவற்றையும் தோண்டுகிறேன். உள்ளங்கை தடித்துவிட்டது. கண்ணாடிக் கடை முதலாளி கையைப் பார்த்துவிட்டு, "வீட்ல தோட்டம் போடுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

போன வாரம் கடல் கொந்தளித்துக் கரையை ஓர் ஆள் உயரம் அரித்துவிட்டது. மறுநாள் புதுப் பள்ளம். ஒற்றைக்கம்மல், "ஓடி வா, கடை தொறந்துடுச்சு" என்று கத்தினாள். அந்தப் பள்ளத்தில் கீழ் எண் ஒன்று வந்தது. ஆடாமல் நின்ற எண். மூன்றாவது முறை அள்ளிய மணலில் கிடைத்தது.

ஒரு தகடு. சாம்பல் நிறம். என் சுண்டுவிரல் நீளம். ஒரு முனை அகலமாக, சின்னச் சின்ன ஓட்டைகளோடு.

"கிடைச்சுடுச்சா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப இது?"

"வேற யாரோ."

அவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவருடையது நீளம், தொடையில் பாதிக்கு வரும். இது மணிக்கட்டில் வைப்பது. மற்றபடி ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

கரைக் காவல் அலுவலகத்தில் கேட்டேன். "கொண்டு வந்து குடுங்க, பாக்கலாம்" என்றார்கள். கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் உனக்கு அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். அத்தைக்கு வித்தியாசம் தெரியாது. உனக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தால் இதைக் காட்டிச் சொல்லிவிடு. செய்தி உண்மைதானே, பொருள்தான் வேறு. சொல்லி முடித்ததும் திருப்பி அனுப்பு.

இது சரியா தப்பா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி

*

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்து வைத்தேன். "அம்மா, அண்ணன் கால்ல வச்ச தகடு. அண்ணிக்குக் கிடைச்சிருக்கு" என்றேன். ஒத்திகை பார்த்த மாதிரியே வந்தது குரல்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். அழவில்லை. தன் தொடை மேல் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்து மணிக்கட்டின் மேல் வைத்தார்.

"இது கால்ல வைக்கிறது இல்லடா."

நான் கைக்குட்டையை மடித்தேன்.

"அந்தக் காலை மாசக்கணக்கா தடவிவிட்டவ நான். தகடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு என் கைக்குத் தெரியும். யாரு ஏமாத்தப் பாக்குறது? நீயா, அவளா?"

"ரெண்டு பேரும்தாம்மா."

"அப்ப இது யாரோடது?"

"தெரியலம்மா. கடல்ல கிடைச்சது."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னக் கை" என்றார். "பொம்பளைப் பிள்ளையா இருக்கும். யார் பெத்த பிள்ளையோ."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். இந்த ஒரு வருஷத்தில் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. நறுக்கின காய்க்கு நடுவே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, முகம் தெரியாத யாரோ ஒருத்திக்காக அழுதார். நடுவில் அண்ணன் பெயர் வந்தது. மறுபடி யார் பெத்த பிள்ளையோ. மறுபடி அண்ணன் பெயர். கொஞ்ச நேரத்தில் யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தார். நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அவ தினமும் போறாளா?" என்று கேட்டார்.

"போறாங்க."

"தனியாவா?"

"கூட ஒரு அம்மா இருக்காங்க. துணி துவைக்கிறவங்க."

"யாரோ கூட இருக்கா. நாம இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு டிக்கெட் போடு" என்றார்.

"மணல்ல உன்னால நடக்க முடியாதும்மா. முட்டி தாங்காது."

"முட்டிதானே போச்சு, கை நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் நடங்க. கத்துற இடத்துல என்னைக் கொண்டு போய் உக்கார வைங்க. நான் தோண்டுறேன்."

தகட்டைத் தபாலில் அனுப்பவில்லை. அம்மா மடியில் வைத்துக்கொண்டு வருவாராம், அலுவலகத்தில் அவர் கையாலேயே கொடுப்பாராம். வெள்ளிக்கிழமை காலை வண்டி. நீங்கள் நலமா என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். அது இங்கே வந்து சேரும்போது வாங்க நாங்கள் இருக்க மாட்டோம்.

தம்பி